அரசமரம் டெண்டர் கேட்பதில்லை

பாழடைந்த ஆஸ்பத்திரிக்குள் ராத்திரியில் கேமராவோடு நுழைவது இப்போது ஒரு தொழில். இருட்டில் பச்சை நிறத்தில் ஒரு முகம். மேல்மூச்சு, கீழ்மூச்சு. “நண்பர்களே, இங்க ஏதோ இருக்கு” என்கிறார் இளைஞர். இருக்கிறது தம்பி. அது என்னவென்று தினசரி படிக்கிற யாருக்கும் தெரியும். பேய் இல்லை. செலவுக் கணக்கு.

பேய்க்காவது ஒரு நியாயம் உண்டு. ஆசை தீராமல் செத்திருக்க வேண்டும். இந்தக் கட்டடங்களில் யாருடைய ஆசையும் பாக்கி இல்லை. அடிக்கல் நாட்டியவர் ஆசை தீர்ந்தது. ஒப்பந்தம் எடுத்தவர் ஆசை, கடைசி பில் பாஸான அன்று தீர்ந்தது. ரிப்பன் வெட்டியவர் ஆசை, கல்வெட்டில் பேர் ஏறிய அன்றே தீர்ந்தது. தீராமல் போனவர் ஒருவர்தான். காய்ச்சலோடு வந்து, பூட்டைப் பார்த்துத் திரும்பிய நோயாளி. அவர் பேயாக வரமாட்டார். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்.

பகலில் வருகிற கூட்டம் வேறு. அது கவிதைக் கூட்டம். சுவரைத் தழுவி இறங்கிய வேர், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் கொடி, உடைந்த கூரையிலிருந்து விழும் வெயில். படம் எடுத்து, ‘இயற்கை தன் இடத்தை மீட்டுக்கொண்டது’ என்று ஒரு வரி எழுதிப் போடுகிறார்கள். ஆயிரம் லைக். பொதுப்பணித் துறைக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்கமாட்டார். குற்றவாளி இயற்கை. சாட்சி காக்கை. வழக்கு தள்ளுபடி.

மரம் ஆஸ்பத்திரியைப் பிடிக்கிற விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். காக்கை அரசம்பழம் தின்கிறது. சன்ஷேடின் மேல் உட்கார்ந்து எச்சமிடுகிறது. அங்கே ஒரு வெடிப்பு. வெடிப்பில் மழைத் தண்ணீர். தண்ணீர் வடிய வேண்டிய குழாயில் சருகு. விதை முளைக்கிறது. முதல் வருஷம் அது இரண்டு இலை. வாட்ச்மேன் இரண்டு விரலால் கிள்ளி எறியலாம். ஆனால் வாட்ச்மேன் பணியிடம் காலி. மூன்றாம் வருஷம் அரிவாள் வேண்டும். ஐந்தாம் வருஷம் வேர் சுவருக்குள் இறங்கிவிடும். ஈரம் கம்பியைத் தொடும். கம்பி துருவேறி ஊதும். ஊதினால் சிமெண்டு பெயர்ந்து விழும். இப்போது அரிவாள் போதாது, எஸ்டிமேட் வேண்டும். எஸ்டிமேட் போகும்; நிதி இல்லை என்று திரும்பும். பத்தாம் வருஷம் அதிசயமாக நிதி வரும். அதற்குள் அது மரம். அரசு நிலத்தில் மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். இரண்டு இலையாக இருந்த காலத்தில் அதைக் கவனிக்க ஒரு குழுவும் இல்லை.

அரசமரத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அது டெண்டர் கேட்பதில்லை. நிர்வாக ஒப்புதலுக்குக் காத்திருப்பதில்லை. மார்ச் 31-க்குள் நிதியைத் தீர்க்க வேண்டிய அவசரம் அதற்கு இல்லை. தீபாவளிக்கு லீவு இல்லை. அரசாங்கக் கட்டடத்தில் இருபது வருஷம் ஒரே இடத்தில், மாறுதல் கேட்காமல், எடுத்த வேலையை முடித்துக் காட்டிய ஒரே பணியாளர் அதுதான்.

பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே அப்படி ஒரு பழைய சுகாதாரக் கட்டடத்தை எட்டிப் பார்த்தேன். ஊர்ப் பேர் வேண்டாம். உங்கள் ஊரிலும் இருக்கிறது. வாசலை மறித்து நிற்பது சீமைக் கருவேலம். அதை வெட்டச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டுப் பார்த்தது. கருவேலம் மேல்முறையீடு செய்யவில்லை. தேவைப்படவில்லை.

உள்ளே சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் மட்டும் நிறம் மங்காமல் இருக்கிறது. அதன் கீழே எழுதிய ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ உதிர்ந்து, ‘நமக்கு’ மட்டும் மிச்சம். ஆமாம், நமக்குத்தான். குழந்தைகளுக்கு எடை பார்த்த தராசின் கொக்கி உத்தரத்தில் தொங்குகிறது, தராசு இல்லை. மின்விசிறி மாட்டிய கம்பி இருக்கிறது, மின்விசிறி இல்லை. கட்டில் இல்லை. ஜன்னல் கம்பி இல்லை. ஸ்விட்ச் போர்டை மரப்பலகையோடு பெயர்த்திருக்கிறார்கள். சுவருக்குள் ஓடிய ஒயரை அடிமுதல் நுனிவரை உருவியிருக்கிறார்கள். இதையும் இயற்கைதான் மீட்டுக்கொண்டதாம். சீலிங் ஃபேனைக் கழற்றி எடுத்துப் போகிற கொடிவகை எதையும் தாவரவியல்காரர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

மூலையில் முழு நீளத்துக்கு ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கிற கம்பெனிகளுக்குப் பெருமளவு விஷம் எடுத்துக் கொடுப்பது வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-இல் தொடங்கியது. பொன்னேரி வட்டாரத்து ஏரிக்கரைகளில் குடிசை போட்டிருப்பவர்களிலும் இருளர்கள் உண்டு. நாட்டுக்கே மருந்தின் மூலச்சரக்கைக் கொடுக்கிற ஜனங்கள். ராத்திரியில் அவர்களில் ஒருவரைக் கடித்தால்? பாம்பு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கடிபட்டவர் ரோட்டில் இருக்கிறார்.

வெளியே ஒரு பலகை. ‘பழுதடைந்த கட்டடம். அருகில் செல்லாதீர்.’ மக்கள் பணத்தில் கட்டி, மக்கள் பணத்தில் பாழாக்கி, மக்கள் பணத்திலேயே பலகை எழுதி, மக்களை விரட்டுகிறார்கள். இடித்துவிடலாமே என்று கேட்காதீர்கள். இடிப்பதற்கும் ஒரு சாங்கியம் உண்டு. 2021 டிசம்பர் 17-ஆம் தேதி நெல்லையில் ஒரு பள்ளிக் கழிவறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுவதும் பள்ளிக்கூடங்களில் பழுதான கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். அன்று காலை வரைக்கும் அந்தச் சுவர்கள் எல்லாம் கோப்பில் நின்றுகொண்டிருந்தன. கோப்பில் நிற்கிற சுவருக்கு விழத் தெரியாது.

பாழுக்குப் பக்கத்திலேயே புதுக் கட்டடம் வந்துவிட்டது. வழவழ டைல்ஸ். பளிங்குக் கல்வெட்டு. கல்வெட்டில் பேர்கள், பதவி வரிசைப்படி, ஒன்றன்கீழ் ஒன்றாக. நோயாளி உட்கார பெஞ்சு இரண்டு. சன்ஷேடின் மேல் ஒரு காக்கை.

பொன்னேரியில் சித்திரைத் திருவிழாவில் அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் நேருக்கு நேர் சந்திப்பார்கள். அரியும் அரனும் ஒரே தெருவில் நிற்க, ஊரே திரண்டு பார்க்கும். கட்டடத்தைக் கட்டுகிற துறையும் அதில் வைத்தியம் பார்க்கிற துறையும் அப்படிச் சந்தித்துக்கொள்ள எந்த மாதத்திலும் முகூர்த்தம் அமைவதில்லை.

இது ஏதோ கண்காணாத குக்கிராமத்தின் கதை என்று நினைக்க வேண்டாம். பொன்னேரி ஸ்மார்ட் நகரம். சும்மா இல்லை, நாடாளுமன்றத்திலேயே சொன்னது. 2014 ஜூலை 10-ஆம் தேதி பட்ஜெட் உரையில் அருண் ஜேட்லி மூன்று ஊர்களின் பேரை வாசித்தார். சென்னை – பெங்களூரு தொழில் வழித்தடத்தில் மூன்று ஸ்மார்ட் நகரங்கள். தமிழ்நாட்டில் பொன்னேரி, ஆந்திராவில் கிருஷ்ணபட்டினம், கர்நாடகத்தில் துமகூரு. மறுநாளே ஸ்மார்ட் ஆனவர்கள் மனைத்தரகர்கள். 2020 டிசம்பர் 30-இல் மத்திய அமைச்சரவை கிருஷ்ணபட்டினத்துக்கும் துமகூருக்கும் ஒப்புதல் கொடுத்தது. 2024 ஆகஸ்டில் நாடு முழுக்க இன்னும் 12 தொழில் நகரங்களை அறிவித்தது. அந்த 12-இலும் பொன்னேரி இல்லை. மூன்று பேரில் இரண்டு பேர் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். நாம் இன்னும் இலை போடுவார்கள் என்று வாசலில் நிற்கிறோம்.

இந்தப் பக்கத்துக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு நாள் வந்து பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள். பிரஸ் மெஷினில் விரலை விட்டவர்கள். எண்ணூர் பக்கம் அனல் மின் நிலையங்கள், துறைமுகங்கள், உர ஆலை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அமோனியா கசிந்தபோது ஜனங்கள் கைக்குழந்தையோடு ரோட்டில் ஓடினார்கள். நடுவே ராத்திரி பகலாக லாரி ஓடுகிற ஜி.என்.டி. ரோடு. 2024 அக்டோபர் 11-ஆம் தேதி ராத்திரி கவரைப்பேட்டையில் மைசூர் – தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், லூப் லைனில் நின்றிருந்த சரக்கு ரயிலில் போய் மோதியது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. உயிர்ச்சேதம் இல்லை. அதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஏற்பாடு என்று யாரும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கம்பெனி வேலையாளின் சம்பளத்தில் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள். முதலாளி பங்கு 3.25. அந்தப் பிடித்தம் ஒரு மாதமும் தவறியதில்லை. அதற்கு மட்டும் சாலை வசதி, மின் வசதி, ஆள் வசதி எல்லாம் இருக்கிறது. கை நசுங்கினால், தலையில் அடிபட்டால், பிரசவம் சிக்கலானால் ஒரே வாக்கியம்தான் காதில் விழும்: “ஸ்டான்லிக்குக் கொண்டு போயிடுங்க.” அந்த ஸ்டான்லி 1782-இல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்தது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் வடசென்னைப் பெரியவர்கள் சொல்வார்கள். ஹைதர் அலி காலத்துப் பஞ்சத்துக்கு வெள்ளைக்காரன் காலத்தில் செய்த ஏற்பாடு. ஸ்மார்ட் நகரத்தின் அவசர சிகிச்சை இன்றைக்கும் அதை நம்பித்தான் இருக்கிறது.

சரி, கைவிட்ட ஆஸ்பத்திரி எப்படி இருக்கும், அது யாருடைய வேலை என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்த ஊர் ஒன்று உண்டு. கோலார் தங்கவயல். கர்நாடகத்தில் இருக்கிறதே தவிர, அதைத் தோண்டிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் போன ஒடுக்கப்பட்ட சாதி ஜனங்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே இறங்கியது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான் விளக்கு எரிந்தது. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. நூற்றிருபது வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் மேலே வந்தது.

அந்த வயலுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. 800 படுக்கை என்று சொல்வார்கள். கம்பெனிக்காரன் கருணையால் கட்டினான் என்று யாரும் நெகிழ வேண்டாம். மெஷின் ரிப்பேர் ஆனால் பட்டறை வேண்டும். ஆள் ரிப்பேர் ஆனால் ஆஸ்பத்திரி வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. கணக்கு கேவலமானதுதான். ஆனால் அந்தக் கேவலமான கணக்கிலும் படுக்கை இருந்தது, டாக்டர் இருந்தார். பிற்காலத்து உன்னதமான கணக்குகளில் இரண்டும் இல்லை.

பாறையைத் துளைத்தால் கல்தூள் பறக்கும். மூச்சில் ஏறும். நுரையீரலில் தங்கும். சிலிகோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானது 1934-இல், கோலார் சுரங்கத்தில்தான். 1940-களில் எடுத்த கணக்கில், பரிசோதித்த தொழிலாளர்களில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் அது இருந்தது. தங்கத்தை மேலே அனுப்பிவிட்டுத் தூசியை இவர்கள் வைத்துக்கொண்டார்கள். பங்கு பிரித்த விதம் அப்படி.

சுதந்திரம் வந்தது. 1956-இல் சுரங்கம் மைசூர் அரசின் கைக்கு வந்தது. பிறகு மத்திய அரசு. பிறகு பாரத் கோல்டு மைன்ஸ். பிறகு நஷ்டம். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடிவிட்டார்கள். சுரங்கம் நஷ்டத்தில் ஓடியது, மூடினார்கள். ஒரு வாதத்துக்கு ஒப்புக்கொள்வோம். ஆஸ்பத்திரியை ஏன் மூடினார்கள்? நுரையீரலுக்குள் போன கல்தூள் மார்ச் 1-ஆம் தேதி வேலையை நிறுத்திக்கொண்டதா? சிலிகோசிஸ் அப்படிப்பட்ட நோய் இல்லை. சுரங்கத்தை விட்டு வந்து பல வருஷம் ஆன பிறகும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். வேலை போன பிறகும் விசுவாசமாக இருப்பது அது ஒன்றுதான். மனிதன் இருமிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் பூட்டு.

இருபது வருஷம். மேலே சொன்ன காக்கை, விதை, வெடிப்பு, வேர், எல்லாம் நடந்தது. அந்த இருபது வருஷத்தில் தங்கவயலில் எத்தனை தேர்தல், எத்தனை வேட்பாளர், எத்தனை வாக்குறுதி. வேலை இல்லாமல் போன ஊரின் ஜனங்கள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போய் ராத்திரி திரும்பினார்கள். ஆஸ்பத்திரி என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டால் பதில் தயாராக இருந்தது. பழைய கட்டடம் ஐயா. இனி ஒன்றும் செய்ய முடியாது ஐயா.

2021 வந்தது. கொரோனா இரண்டாம் அலை. மூச்சு விட ஆக்சிஜன் இல்லை, படுக்க இடம் இல்லை. அப்போதுதான் அந்தக் கட்டடம் எல்லோர் கண்ணிலும் பட்டது. கோலார் எம்.பி. வந்தார். தன்னார்வலர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். புதரை வெட்டினார்கள். இருபது வருஷக் குப்பையை வாரிக் கொட்டினார்கள். கழுவினார்கள். படுக்கை போட்டார்கள். சில வாரத்தில் அது கொரோனா வார்டு. எந்தக் கட்சிக்காரர் செய்தார் என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். இருபது வருஷம் எந்தக் கட்சிக்காரரும் செய்யவில்லை என்பதில் எல்லாக் கட்சிக்கும் சம பங்கு உண்டு.

கணக்குப் போடுங்கள். இருபது வருஷம் என்றால் ஆயிரம் வாரத்துக்கு மேல். ஆயிரம் வாரம் முடியாதது சில வாரத்தில் முடிந்தது. விளக்குமாறும் சோப்புத் தண்ணீரும் 2021-இல் கண்டுபிடித்த பொருள்களா? வேர் அன்றைக்கு மட்டும் இளகிக் கொடுத்ததா? இயற்கை மனமிரங்கி வாபஸ் வாங்கியதா? எதுவும் இல்லை. சாவு வசதியானவர்கள் வீட்டுக் கதவையும் தட்டியது. அவ்வளவுதான் தொழில்நுட்பம். இருமிச் செத்தவன் சுரங்கக்காரனாக இருந்தவரைக்கும் அது பழைய கட்டடம். மூச்சுத் திணறியவர் யாராகவும் இருக்கலாம் என்று ஆனதும் அது தேசத்தின் சொத்து.

கதை அதோடு முடியவில்லை. தங்கவயலில் ஆஸ்பத்திரியைவிட உயரமாக நிற்பவை சயனைடு மண்மேடுகள். தங்கம் பிரித்துவிட்டுக் கொட்டிய கழிவு. 2018-இல் வந்த ‘கே.ஜி.எஃப்’ படத்தைப் பார்த்து நாடே விசிலடித்தது. காற்றடித்தால் அந்த மண் பறந்து வீட்டுச் சோற்றில் விழுகிறது என்று ஊர்க்காரர்கள் புலம்பியபோது யாரும் விசிலடிக்கவில்லை. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, அந்த 13 மேடுகளையும் கிளறி மிச்சமிருக்கிற தங்கத்தை எடுக்க மத்திய அரசு கேட்ட அனுமதியைக் கொடுத்தது. ஒரு டன் கழிவில் ஒரு கிராமாவது தேறுமா என்று கணக்குப் பார்க்கிற நாடு இது. குப்பையில் கிடக்கும் தங்கத்தை மறக்கவில்லை. அதே குப்பை யாருடைய மார்புக்குள் எவ்வளவு கிடக்கிறது என்ற கணக்கு மட்டும் எந்த டெண்டர் அறிவிப்பிலும் வரவில்லை.

தங்கவயல்காரர்களாவது ஓர் ஆஸ்பத்திரியைப் பயன்படுத்திவிட்டுப் பறிகொடுத்தார்கள். இப்போது நாம் அதைவிட முன்னேறிவிட்டோம். பயன்படுத்துகிற இடைச்சிரமமே வேண்டாம். கட்டியதும் நேராகப் பாழ்.

செங்கல்பட்டுப் பக்கம் திருமணியில் 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். பயோடெக் கட்டியது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திட்டம் என்று பேர். 2012-இல் ஒப்புதல் கொடுத்தபோது 594 கோடி ரூபாய்; பிறகு மதிப்பீடு 904 கோடிக்கு ஏறியது. வருஷத்துக்கு 58.5 கோடி டோஸ் தயாரிக்கலாம். 2021 மே மாதம் தடுப்பூசிக்கு ஊரெல்லாம் வரிசை. தமிழ்நாடு அரசு தடுப்பூசி வாங்க உலகளாவிய டெண்டர் விட்டது, சீந்த ஆளில்லை. மே 25-ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் திருமணிக்கே போய்ப் பார்த்தார். கட்டடம் இருந்தது. இயந்திரம் இருந்தது. தடுப்பூசி இல்லை. ஒரு டோஸ்கூட வெளியே வரவில்லை. உலகம் முழுக்கத் தேடிவிட்டு வந்து, பூட்டிக் கிடக்கிற நம் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்த கதை.

மதுரை எய்ம்ஸ் இன்னும் ஒரு படி மேலே. 2015 பட்ஜெட்டில் அறிவிப்பு. 2019 ஜனவரி 27-இல் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். 2021 தேர்தலில் உதயநிதி ஸ்டாலின் ஒரு செங்கல்லைத் தூக்கிக் காட்டி ஓட்டு கேட்டார். இந்தியாவில் மிக எளிதாகத் தூக்கிச் செல்லக்கூடிய ஆஸ்பத்திரி அதுதான். 2022-இல் மாணவர்களைச் சேர்த்தார்கள். மதுரை எய்ம்ஸ் மாணவர்கள் 50 பேர் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து படித்தார்கள். முறையாகக் கட்டுமானம் ஆரம்பித்தது 2024-இல். மதிப்பீடு இடைப்பட்ட காலத்தில் 1,264 கோடியிலிருந்து 1,977 கோடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. சிமெண்டு வைக்காமலே வளர்ந்த ஒரே பகுதி.

மாநிலக் கட்சிகள் சிரிக்க வேண்டாம். 2010 மார்ச்சில் ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய சட்டமன்றம் திறந்தார்கள். கோபுரம் முடியவில்லை. அதனால் என்ன? சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணி செட் போட்டுக் கொடுத்தார். பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்தார். மறு வருஷம் ஆட்சி மாறியது, சட்டமன்றம் பழைய கோட்டைக்கே திரும்பியது, கட்டடம் அனாதையாக நின்றது. 2014-இல் அது பல்நோக்கு மருத்துவமனை ஆனது. இன்று பல ஆயிரம் பேர் அங்கே குணமாகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஏழைக்கு ஒரு நல்ல ஆஸ்பத்திரி கிடைக்க, இரண்டு தலைவர்கள் ஒருவர் கட்டியதில் இன்னொருவர் உட்காரமாட்டேன் என்று முறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பொன்னேரிக்காரர்கள் அப்படி ஒரு நல்ல பகைக்காகத்தான் காத்திருக்க வேண்டும் போல.

உலகத்திலும் பாழான ஆஸ்பத்திரிகள் உண்டு. உக்ரைனில் பிரிப்யாத் நகரத்து ஆஸ்பத்திரிக்கு, செர்னோபிலில் தீயணைக்கப் போனவர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட உடுப்புகள் அதன் அடித்தளத்தில் பல வருஷம் கதிர்வீச்சோடு கிடந்தன. 1986-இல் ஊரே காலியானது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியைக் காலி செய்ய அணு உலை வெடிக்க வேண்டியிருந்தது. இங்கே பக்கத்தில் ஒரு புதுக் கட்டடத்துக்கு நிதி வந்தால் போதும். ஜெர்மனியில் பெர்லினுக்கு அருகே பீலிட்ஸில் ஒரு பழைய காசநோய் மருத்துவமனை. கூரையில் காடே வளர்ந்துவிட்டது. 2015-இல் அந்தக் காட்டுக்கு மேலே நடைபாலம் போட்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு பாழைச் சுற்றிக் காட்டுகிறார்கள். தயவுசெய்து நம் சுற்றுலாத் துறையிடம் இதை யாரும் சொல்லிவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு வராத நிதி நடைபாலத்துக்கு வந்துவிடும். பாலத்துக்கும் ஒரு கல்வெட்டு.

பாரம்பரியம் நமக்கும் தெரியாததல்ல. பக்கத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரன் 1613-இல் கட்டிய ஜெல்டிரியா கோட்டை முட்புதராகக் கிடக்கிறது. அவன் செத்துப் புதைந்த கல்லறைக்குத் தொல்லியல் துறையின் வேலி உண்டு, நீலப் பலகை உண்டு, சேதப்படுத்தினால் தண்டனை உண்டு. நானூறு வருஷத்துக்கு முன் இந்தக் கரையில் சாக வந்தவனைச் சட்டம் போட்டுக் காக்கிறோம். அதில் தப்பில்லை. இன்று இதே கரையில் வலை இழுக்கிறவருக்கு நெஞ்சு வலித்தால் காக்க என்ன சட்டம் என்று கேட்டால்தான் தொல்லியல் துறையாலும் பதில் தேடி எடுக்க முடியாது.

அடுத்த தேர்தலில் நவீன ஆஸ்பத்திரி தருகிறேன் என்று வேனில் நின்று யாராவது கைகூப்புவார். எத்தனை மாடி, எத்தனை கோடி என்று கேட்டு அவருக்குப் பேச வாய்ப்புக் கொடுக்காதீர்கள். வேறு கேள்வி இருக்கிறது. பழைய கட்டடத்துப் பூட்டின் சாவி எந்த அலுவலகத்தில், யார் மேஜையில், எந்த டிராயரில் இருக்கிறது? அதில் வாட்ச்மேன் பணியிடம் எந்த வருஷத்திலிருந்து காலி? புதுக் கட்டடத்தின் சன்ஷேடில் இப்போது இரண்டு இலை விட்டிருக்கிறதே, அதைக் கிள்ளி எறியப் போகிறவர் பேர் என்ன? மந்திரி பேர் வேண்டாம். அது கல்வெட்டில் இருக்கிறது.